சமாதானக் கூட்டம் (மதுரை வட்டாரம்)

கோயில், பாதை, மரியாதை, தேர்தல் என்று ஊருக்குள் மூளும் பகை அடிதடியில் போய் முடியாமலிருக்கவும், முடிந்துவிட்டால் ஆறவும் இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு. அரசுக் கோப்புகளில் இது 'அமைதிப் பேச்சுவார்த்தை'. ஊர் வழக்கில் 'கூட்டம் போடுவது'.

மதுரையைச் சுற்றிய ஊர்களில் மந்தையிலும் சாவடியிலும் பெரியவர்கள் கூடி வரப்பு, வாய்க்கால் தகராறுகளைத் தீர்ப்பது பழைய வழக்கம். கோர்ட்டுக்கு அலையாமல் காரியம் முடிந்தது என்பது உண்மை. ஆனால் 'ஊர்' என்ற சொல்லிலேயே சேரி சேர்ந்திருக்கவில்லை. சேரிக்காரருக்கு அங்கே உட்கார இடமில்லை. நின்று தீர்ப்பைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அபராதம், ஊர்விலக்கு என்று அது கட்டப் பஞ்சாயத்தாகவும் திரிந்தது. 2011 ஏப்ரலில் ஆறுமுக சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்றது. ஆகவே, பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்களா என்று கேட்பதைவிட, யாருக்கு உட்கார இடம் கிடைத்தது என்று கேட்பதே இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ளும் வழி.

உசிலம்பட்டி வட்டாரத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியினர் பத்தாண்டுகள் தேர்தல் நடக்கவிடாமல் தடுத்தார்கள். நடந்தாலும் வென்றவர் உடனே பதவி விலகினார். 2006இல் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த த. உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய் மக்களோடு பேசினார். அக்டோபரில் தேர்தல் நடந்தது. வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள். போலீஸ் காவல் மட்டும் அதைச் சாதித்திருக்காது. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராமசபையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் வந்து உட்கார்ந்தார்.

பேரையூர் வட்டம் எழுமலைக்குப் பக்கத்திலுள்ள உத்தப்புரத்தின் கதை இன்னும் கனமானது. 1989 மோதலுக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். பிள்ளைமார் தெருக்களுக்கும் தலித் குடியிருப்புக்கும் நடுவே ஏறத்தாழ 600 மீட்டர் சுவரும் எழுந்தது. சமாதானம் என்ற பெயரில் எழுதிய தாள், பிரிவினையை நிலைநிறுத்தியது. 2008இல் சுவரின் மேல் மின்கம்பி இழுத்த செய்தி வெளிவந்ததும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் மார்க்சிஸ்ட் கட்சியும் போராட்டத்தில் இறங்கின. மே 6 அன்று அதிகாரிகள் சுவரில் பதினைந்தடி அகலத்துக்குப் பாதை திறந்தார்கள். பிள்ளைமார் குடும்பங்கள் பல, ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையூத்து மலையடிவாரத்துக்குப் போய்விட்டன. இடித்தது நியாயம். ஆனால் இடித்த அன்றே பகை தீர்ந்துவிடவில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. 2011 அக்டோபர் 20 அன்று, காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் முன்னிலையில் இரு தரப்புப் பெரியவர்களும் கையெழுத்திட்டார்கள். கோயில் வழிபாடு, பொதுப் பாதை, வழக்குகள், பஸ் நிற்கும் இடத்தில் ஒரு நிழற்குடை: ஒப்பந்தத்தில் பேசப்பட்டவை இவைதான். வெயிலில் நின்று பஸ் ஏறியவர்களுக்குத்தான் அந்த நிழற்குடை எத்தனை பெரிய விஷயம் என்று தெரியும். நவம்பர் 10 அன்று தலித் மக்கள் முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள்.

கையெழுத்து ஒருநாள் வேலை. திருவிழாவோ ஆண்டுதோறும் வரும். 2015 அக்டோபரில் கோயில் அரசமரத்துக்கு மாலை போடுவதில் மறுபடி மோதல் வந்தது. கோயில் பூட்டப்பட்டது, விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2011இல் எழுதியது பொய்யென்று இதற்கு அர்த்தமில்லை. அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்னரே அவர்கள் மறுபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய பேச்சுக்கு மத்தியஸ்த சபைகளை நிரந்தரமாகவே ஏற்படுத்தியது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம், ஒரு பகுதியின் அமைதியைக் கெடுக்கக்கூடிய தகராறுகளுக்கு மூவர் குழு அமைக்க வகை செய்கிறது. குடியிருப்போர் நலச் சங்கத்தாருக்கும் அதில் இடம் உண்டு. 2011இல் மாநகராட்சியில் சேர்ந்த விளாங்குடி போன்ற புறநகர்களுக்கு, மந்தையும் சாவடியும் தேய்ந்துபோன இடத்தில், இது பொருந்தும். குழு முன் எட்டும் உடன்பாட்டைக் கோர்ட்டு டிக்ரியைப்போல் நிறைவேற்றிக் கேட்க முடியாது. காப்பாற்ற வேண்டியவர்கள் அந்தத் தெருக்காரர்களே.