கூலியில்லாத் தொண்டும் விளையாட்டு விழாக்களும்

பெஹாலாவில் குடியிருக்கும் நம்மவர் துர்க்கா பூஜை நாட்களில் ஒரு காட்சியைத் தவறாமல் கண்டிருப்பர். டயமண்ட் ஹார்பர் சாலையிலிருந்து பந்தல்களுக்குப் பிரியும் சந்துகளின் முகப்பில், சட்டையில் பாட்ஜ் குத்திய இளைஞர்கள் கயிறு பிடித்து நின்று, இரவெல்லாம் கூட்டத்தை ஒழுங்கு செய்வர். இவர்கள் தெருக் கழகத்தார். 'பாடா கிளப்' என்பர் வங்காளிகள். இவர்களுக்குக் கூலி இல்லை. எவரும் கேட்பதும் இல்லை. ஆனால் பெரும் விளையாட்டு விழாக்கள் இத்தகைய இளைஞரை அழைக்கும்போது, ஊதியமின்றி உழைப்பது தகுமா என்னும் வினா எழுகிறது. அது நியாயமான வினாவே.

தொண்டு இந்நகருக்குப் புதிதன்று. 1908ஆம் ஆண்டு அர்த்தோதய யோகத்தின்போது, கங்கையில் நீராட வந்த யாத்திரிகர்களுக்குக் கல்கத்தா இளைஞர் துணை நின்றனர். 1928 டிசம்பரில் காங்கிரஸ் மகாசபை இங்குக் கூடியபோது, சீருடை தரித்த தொண்டர் படையைச் சுபாஷ் சந்திர போஸ் நடத்தினார். அம்மிடுக்கைக் காந்தியடிகள் ரசிக்கவில்லை. சர்க்கஸுக்கு ஒப்பிட்டார் என்பர்!

விளையாட்டிலோ, அந்நாளில் ஆடியவர்க்கே ஊதியம் கிடையாது. 1911 ஜூலை 29ஆம் நாள் மோகன் பகான், கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அப்பதினொருவரில் ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். அவர்கள் பிழைப்புக்கு ஆட்டத்தை நம்பியவர்களல்லர். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சாரணச் சிறுவர் ஏவல் புரிந்தனர். அங்கே தங்கப் பதக்கங்கள் வென்ற ஜிம் தோர்ப், முன்னொரு காலத்தில் பேஸ்பால் ஆடிச் சொற்பப் பணம் பெற்றார் என்பதற்காக, 1913இல் அப்பதக்கங்களை இழந்தார். அன்று பந்தியில் உண்டவரும் பரிமாறியவரும் ஒரே வீட்டார். ஆதலின் தொண்டனுக்குக் குறையேதும் தோன்றவில்லை.

பின்னர் வீட்டின் நிலை மாறிற்று. 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக், ஏறத்தாழ 29,000 தொண்டர்களைக் கொண்டு நடைபெற்று, 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம் காட்டியது. அதில் ஒரு பங்கு அவ்வட்டாரச் சிறுவர்களின் விளையாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. அதை நான் நேர்மையான கணக்கு என்பேன். 2012இல் லண்டன் 70,000 தொண்டர்களைத் திரட்டியது. இன்று ஆட்டக்காரர் ஏலத்தில் கோடிகளுக்கு எடுக்கப்படுகின்றனர். ஒளிபரப்பு உரிமை பெருந்தொகைக்கு விலைபோகிறது. தொண்டன் ஒருவன் மட்டுமே 1912ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற்கிறான். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டர்களுள் ஆயிரக்கணக்கானோர் விழா தொடங்கும் முன்னரே விலகிவிட்டனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

எனினும் எல்லாப் பணியும் ஒருதன்மைத்தன்று. வெளியூர் வீரர்க்கு வழி காட்டுவது, மொழி பெயர்த்து உதவுவது, இருக்கை காட்டுவது ஆகியவற்றை ஓர் இளைஞன் மகிழ்ந்து செய்யலாம். அவற்றால் பெறும் பழக்கம் பள்ளியில் கிட்டாது. கூட்டத்தின் உயிர்காப்பு அத்தகையதன்று. 1980 ஆகஸ்டு 16இல் ஈடன் தோட்டத்தில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதியபோது பார்வையாளரிடையே கலவரம் மூண்டு 16 பேர் மாண்டனர். பயிற்சியும் பொறுப்பும் ஊதியமும் உடையவர் ஏற்க வேண்டிய காவலை, நல்லெண்ணம் மட்டுமே உடைய சிறுவன் தலையில் ஏற்றுதல் கொடுமை. மாண்டோர் நினைவாக அந்நாளில் இரத்ததானம் செய்யும் வழக்கம் இந்நகரில் உண்டு. அங்கே விலை பேசுவோர் இல்லை. உதிரத்தைக் காசுக்கு விற்பதும் நம் நாட்டில் 1998 முதல் தடுக்கப்பட்டுள்ளது.

2017 அக்டோபர் 28இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் சால்ட் லேக் அரங்கில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கியது. 66,000 பேருக்கு மேல் திரண்டனர். அத்தகைய அழைப்பு உங்கள் இல்லத்துப் பிள்ளைக்கு வருமாயின், பணி இன்னதென எழுத்தில் உண்டா, விபத்துக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். அரங்கம் நகரின் கிழக்கே, பெஹாலாவோ தென்மேற்கே. ஆட்டம் முடிந்த நள்ளிரவில் அவனை வீடு சேர்ப்பவர் யார், வண்டிச் சத்தம் எவர் கணக்கு என்பதையும் கேளுங்கள்.