ஓர் ஆட்சேபணையும் ஓர் ஆய்வு மாணவரும்

பேரனோ பேத்தியோ ஸ்ட்ரக்சுரல் பயாலஜியில் பி.எச்.டி. சேர்ந்திருப்பதாகச் சொன்னால், "நீ படித்தது ஃபிசிக்ஸ் ஆயிற்றே?" என்று கேட்காத தாத்தாக்கள் குறைவு. இதற்குச் சென்னை கிண்டியில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. பி.எஸ்ஸி.யோடு நிறுத்திக்கொண்டு கோப்புகளோடு காலம் கழித்த எனக்கு அந்தச் சரித்திரத்தில் தனி ஈடுபாடு உண்டு.

1922இல் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். ராமச்சந்திரன், பெங்களூரில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தவர். சர் சி.வி. ராமன் அவரைப் பௌதிகத்துக்கு இழுத்துக்கொண்டார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறைக்குத் தலைவரானார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தை எடுத்துக்கொண்டு, கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரே படம் பிடித்தார்கள். அது மூன்று இழைகளால் ஆனது என்று 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மறு ஆண்டு, மூன்று இழைகளும் கயிறுபோல் முறுக்கிக்கொண்டவை என்று திருத்தினார்கள்.

இங்கிலாந்திலிருந்து ரிச், கிரிக் இருவரும் ஆட்சேபித்தார்கள். உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். (எங்கள் அலுவலகங்களில் ஆட்சேபணை வந்தால் ஒரு பதில் எழுதிக் கோப்பை மூடுவோம்.) ராமச்சந்திரனோ, அப்படியானால் இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கேட்டார். அதுவரை வெளியான படிகங்களின் அளவுகளைத் திரட்டி, இந்தந்த ஜோடிக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வகுத்தார்கள். ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் ரிச்சும் கிரிக்கும் சொன்னதே பின்னர் நிலைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த கட்டத்தில்தான் ஆய்வு மாணவர் சி. ராமகிருஷ்ணன் வருகிறார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடங்களில் மட்டுமே நன்றாகத் திருப்ப முடியும். அந்த இரு கோணங்களுக்கும் ஃபை, ஸை என்று பெயர். ஒவ்வொரு கோண ஜோடிக்கும் அணுக்களின் தூரங்களைக் கணக்கிட்டு, எங்காவது முட்டிக்கொண்டால் அதை நீக்க வேண்டும். நுண்ணோக்கியும் வேண்டாம், ரசாயனமும் வேண்டாம். வேண்டியது திரிகோணமிதியும், மேஜைக் கணக்கு இயந்திரமும், அலுக்காத மனமும்தான். வேலை முடிந்தபோது, படத்தின் பெரும்பகுதி முட்டலால் விலக்கப்பட்டிருந்தது. சில தீவுகளே மிஞ்சின. பக்கக் கிளையில்லாத கிளைசினுக்கு மட்டும் கொஞ்சம் தாராளம்.

ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவர் பெயரிலும் 1963இல் அது வெளியாயிற்று. இன்று எந்த நாட்டு ஆய்வகம் புதிய புரத அமைப்பைக் கொண்டுவந்தாலும், கோணங்கள் அந்தத் தீவுகளுக்குள் விழுகின்றனவா என்றுதான் சரிபார்க்கிறார்கள்.