எழுத்தெண்ணிப் படித்தவர்கள்

ஒருவருடைய கல்வியின் ஆழத்தைப் புகழ வேண்டுமானால், "அவர் எழுத்தெண்ணிப் படித்தவர்" என்று சொல்வது நம்மவர் வழக்கம். அவ்வார்த்தையை உள்ளபடியே செய்து காட்டிய மனிதர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். ஆல்பிரட் பட்ஸ் என்பது அவர் பெயர். கட்டடங்களுக்குப் படம் வரைவது தொழில். 1931ஆம் ஆண்டில், உலகெங்கும் வர்த்தகம் மந்தமுற்றிருந்தபோது, உத்தியோகத்தை இழந்தார். ரப்பர் விலை வீழ்ந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் பதினாயிரக்கணக்கில் கப்பலேற்றி அனுப்பப்பட்டதும் அதே மந்தத்தினாலேதான்.

வேலையற்ற பட்ஸ் சொல் விளையாட்டு ஒன்றை அமைக்க முற்பட்டார். அதன்பொருட்டு நியூயார்க் பத்திரிகைகளை விரித்து வைத்துக்கொண்டு, ஆங்கில எழுத்துக்கள் இருபத்தாறும் எத்தனை முறை வருகின்றன என்று ஒவ்வொன்றாக எண்ணினார். நாள்தோறும் செக்ரோலில் ஆட்களை எண்ணிப் புள்ளியிடும் கிராணியாகிய நமக்கு, இம்மனிதரிடம் ஒரு தனி அபிமானம் உண்டாவதில் வியப்பில்லை.

அந்தக் கணக்கின் பயன் இன்றும் அவ்விளையாட்டின் பையில் இருக்கிறது. நூறு சில்லுகளில் 'ஈ' பன்னிரண்டு; 'ஏ'யும் 'ஐ'யும் ஒன்பது ஒன்பது; 'கியூ', 'இஸட்' ஒவ்வொன்றே. அரிதில் வருவதற்கு மதிப்பு அதிகம்: 'கியூ'வுக்குப் பத்துப் புள்ளி, 'ஈ'க்கு ஒன்று. ஓரிடத்தில் மட்டும் பட்ஸ் தம் கணக்கைத் தாமே மீறினார். 'எஸ்' அடிக்கடி வரும் எழுத்தாயினும் அதற்கு நான்கு சில்லுகளே கொடுத்தார். எந்தச் சொல்லின் வாலிலும் அதை ஒட்டிப் பன்மையாக்கிவிடலாமன்றோ? சோம்பேறிக்கு அவர் வைத்த வேலி அது.

விளையாட்டுச் சாமான் கம்பெனிகள் அவரைத் திருப்பியனுப்பின. 1938இல் குறுக்கெழுத்துப் பலகையைச் சேர்த்தார், அப்போதும் வாங்குவாரில்லை. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமை பெற்று, 'ஸ்கிராபிள்' என்று பெயரிட்டார். 1949இல் அவர் செய்தவை 2,400 பெட்டிகள். கண்டது 450 டாலர் நஷ்டம். 1952இல்தான் ஜனங்கள் அதை மொய்த்துக்கொண்டனர்.

கையில் உள்ள எழுத்துக்களுக்குள் ஒளிந்திருக்கும் சொல்லைக் காண்பதே இதன் வித்தை. 'எஸ், டி, ஓ, பி' வந்தன என்று கொள்வோம். அந்நான்கையும் இருபத்துநான்கு விதமாக அடுக்கலாம். அவற்றுள் ஆறு ஆங்கிலச் சொற்களாகும்: ஸ்டாப், ஸ்பாட், டாப்ஸ், பாட்ஸ், ஆப்ட்ஸ், போஸ்ட். தமிழெழுத்தில் எழுதியவுடன் 'போஸ்ட்' மட்டும் தன் இனத்தோடு ஒட்டாமல் விலகி நிற்பதை நேயர்கள் காணலாம். காதுக்குப் புலப்படாத உறவு கண்ணுக்குப் புலப்படுகிறது. ஒலி வேறு, எழுத்து வேறாகத் திரியும் பாஷையில் வாயைக் காட்டிலும் கண்ணே இங்கு வேலை செய்ய வேண்டும்.

எழுத்து ஏழானால் அடுக்குகள் 5,040. அத்தனையையும் எவரும் புரட்டிப் பார்க்க முடியாது. ஆகவே தேர்ந்தவர்கள் ஒரு யுக்தி செய்கின்றனர். கலைந்து வந்த எழுத்துக்களை முதலில் அகரவரிசையில் நிறுத்துகின்றனர். எப்படிக் கலைந்து வந்தாலும் வரிசை ஒன்றே. மேற்கண்ட ஆறு சொற்களும் 'ஓ, பி, எஸ், டி' என்னும் ஒரே வாசலில் குடியிருப்பவை. வாசலைக் கண்டால் குடியிருப்போர் அனைவரும் நினைவுக்கு வரும்படி, இப்படிப் பல்லாயிரம் வாசல்களை மனனம் செய்கிறார்கள்.

ஏழு சில்லுகளையும் ஒரே முறையில் இறக்கினால் ஐம்பது புள்ளி சன்மானம். அப்படி இறக்கத்தக்க சொற்களில் 'கம்போங்' ஒன்று, 'செரூட்' ஒன்று. முன்னது மலாய், பின்னது நம் சுருட்டு, தொப்பியணிந்து கப்பலேறிப் போனது! ஆங்கில அகராதி அவ்வளவு கலப்படமான குடும்பம். அதற்கு வாரிசுரிமை பேசுவோரை நாம் பார்த்திருக்கிறோம். ஆங்கிலப் பள்ளியில் நம்முடன் பயின்றோருள் சிலர், அச்சொற்கள் தங்களுக்கும் துரைமார்க்கும் மட்டுமே பட்டா எழுதித் தரப்பட்டவை என்பதுபோல் நடப்பதுண்டு.

அந்தப் பட்டாவைக் கிழித்தவர்கள் தாய்லாந்து நாட்டினர். 2003இல் கோலாலம்பூரில் நடந்த உலக ஸ்கிராபிள் போட்டியில் வெற்றி பெற்றவர் பனுபோல் சுஜ்ஜயகோர்ன். 2009இல் ஜொகூர் பாருவில் வென்றவர் பகோர்ன் நெமித்ரமன்சுக். ஆங்கிலம் இவ்விருவருக்கும் தாய்மொழியன்று. பகோர்ன் இறுதியாட்டத்தில் தோற்கடித்தது யாரை? ஆங்கிலமே தாய்மொழியான நைஜல் ரிச்சர்ட்ஸை. நியூசிலாந்திற் பிறந்து மலேசியாவிற் குடியேறிய இவர், ஐந்து முறை ஆங்கில ஸ்கிராபிளில் உலகப் பட்டம் பெற்றவர்.

அந்த ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு பாஷைப் போட்டிக்குச் சென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேச வராது. ஒன்பது வாரங்களில் அச்சொற்களை மனனம் செய்தார் என்று பத்திரிகைகள் எழுதின. பெல்ஜியத்தில் நடந்த அப்போட்டியில் பிரெஞ்சுக்காரர்களை வென்று பட்டம் பெற்றார். நன்றி கூறுவதற்கு மொழிபெயர்ப்பாளர் துணை வேண்டியிருந்தது.

"பொருளறியாமல் சொல்லடுக்குவது கிளிப்பிள்ளைப் பாடமன்றோ?" என்று கேட்பாருண்டு. பாஷையறிவு வேறு, இது வேறு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் கிளி கேட்டதைச் சொல்லும். கலைந்த ஏழெழுத்தில் எவரும் சொல்லாத ஒன்றைக் கண்டெடுக்காது. பிறந்த வீட்டில் கேட்டுப் பழகாத சொல்லை எண்ணியும் அடுக்கியும் உழைத்தே ஒருவன் பெறலாம் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ரிச்சர்ட்ஸ் அத்துடன் நிற்கவுமில்லை. 2024இல் ஸ்பெயின் தேசத்துக் கிரனாடா நகருக்குச் சென்று, தாம் பேசாத ஸ்பானிய பாஷையிலும் உலகப் பட்டத்தை வென்று மீண்டார்.