தமிழ் நாவலில் உரையாடல் மொழி: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழில் நாவல் தோன்றிய நாள்முதல் அதனை எழுதுவோர் எதிர்கொண்டுவரும் சிக்கல் ஒன்று உண்டு. கதையைச் சொல்லும் மொழி எழுத்து வழக்காக இருக்கையில், கதைமாந்தர் பேசும் மொழி எதுவாக இருத்தல் வேண்டும் என்பதே அச்சிக்கல். எழுத்து வழக்கில் வீட்டாருடன் உரையாடுவார் தமிழரில் இல்லை. பேச்சு வழக்கை எழுதுவதற்கென வரையறுத்த எழுத்துமுறையும் தமிழில் இல்லை. ஆகவே உரையாடலை எழுதத் தொடங்கும் ஒவ்வொருவரும் ஒரு மொழியியல் முடிவை எடுத்தாக வேண்டியுள்ளது. அம்முடிவுகள் காலந்தோறும் எவ்வாறு மாறின, அவற்றில் நேர்ந்த பிழைகள் யாவை, மொழிபெயர்ப்பாளர்க்கு அவை உணர்த்துவன யாவை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இரட்டை வழக்கு என்னும் கருத்தைச் சார்லஸ் பெர்குசன் 1959இல் அரபு, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹைட்டியக் கிரியோல் ஆகியவற்றைக் கொண்டு விளக்கினார். தமிழின் இருநிலையை மு. சண்முகம் பிள்ளை 1960இல் ஆராய்ந்து எழுதினார். எனினும் இவ்வேறுபாடு அதற்கு முன்பே உணரப்பட்டிருந்தது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதினார். முன்னது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. ஆயினும், ஒரே பக்கத்தில் இவ்விரு வழக்குகளும் அடுத்தடுத்து நிற்க வேண்டிய தேவையை வலுவாக உருவாக்கியது நாவல் எனலாம்.

2. தொடக்க கால நாவல்கள்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. இதில் மாந்தர்கள் பெரும்பாலும் ஆசிரியரின் உரைநடையிலேயே பேசுகின்றனர். தலைவன், தலைவி, தாய் ஆகியோரின் பேச்சை அவர்களின் கருத்தால் பிரித்தறியலாமேயன்றி மொழியால் பிரித்தறிதல் அரிது. இதனை ஆசிரியரின் குறை எனக் கொள்ளுதல் பொருந்தாது. அன்று உரைநடையே புதிதாக உருவாகிக்கொண்டிருந்தது; அதற்குள் இன்னொரு வழக்கைக் கொணரும் மரபு அமையவில்லை.

பி. ஆர். ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வந்தது. இதில் பெண்கள் கூடி வம்பளக்கும் இடங்களில் அக்கால அந்தணர் வீட்டுப் பேச்சு ஒலிக்கக் காண்கிறோம். அதே நாவலில் தமிழ்ப் பண்டிதராகிய ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை நகைச்சுவை மாந்தராக இடம்பெறுகிறார். பேச்சின் வகையே ஒருவரின் இயல்பைக் காட்டும் கருவியாகலாம் என்பதற்குத் தமிழ் நாவலில் கிடைக்கும் முற்பட்ட சான்றுகளுள் இதுவும் ஒன்று.

3. வட்டார வழக்கின் வரவு

‘மணிக்கொடி’ 1933இல் தோன்றியது. அதன் காலத்தில் எழுதிய புதுமைப்பித்தன் திருநெல்வேலி வேளாளர் பேச்சைத் தம் சிறுகதைகளில் ஆண்டார். நீ, நீங்கள் என்னும் இரண்டுக்கும் இடையே ‘நீர்’ என ஒரு நிலையைக் காக்கும் அவ்வட்டார வழக்கு, சமவயதினரிடையே நிலவும் உரிமையையும் மரியாதையையும் ஒருங்கே காட்ட அவருக்கு உதவியது. ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கொங்கு வேளாண் குடிகளின் பேச்சையும், நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968) இரணியல் வட்டாரப் பேச்சையும் கொண்டுவந்தன. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988) மலையாள, அரபுச் சொற்கள் கலந்த தென்கோடி முஸ்லிம்களின் தமிழை அச்சில் நிலைநிறுத்தியது.

இவற்றுள் பெரும்பாலானவற்றில் ஓர் எல்லைக்கோடு உண்டு. மேற்கோள் குறிக்குள் பேச்சு வழக்கு. வெளியே எழுத்து வழக்கு. கி. ராஜநாராயணன் தம் கரிசல் கதைகளில் இக்கோட்டைத் தளர்த்தினார். பாமாவின் ‘கருக்கு’ (1992) அதனை ஏறத்தாழ அழித்தது எனலாம். அங்கே கதை சொல்லும் குரலே பேச்சு வழக்கில் அமைகிறது. எழுத்து வழக்கில் நின்று பிறர் பேச்சைச் சுட்டிக்காட்டும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினாவை அந்நூல் எழுப்பியது.

4. எழுத்தும் ஒலியும்

பேச்சை ஒலித்தவாறே எழுதுவதே சிறந்த உரையாடல் என்பது பரவலான கருத்து. தமிழ் எழுத்துமுறை இதற்கு இடந்தருவதில்லை. ‘வந்தான்’ என்பதன் இறுதி னகரம் பேச்சில் மூக்கொலி பெற்ற உயிராகிறது. ‘வந்தாள்’ என்பதன் ளகரமும், ‘வந்தால்’ என்பதன் லகரமும் கெடுகின்றன. மூன்றையும் ஒலித்தவாறே எழுதப் புகுந்தால் மூன்றும் ‘வந்தா’ என்றே நிற்கும். மூக்கொலியைக் காட்ட எழுத்தில்லை. கேட்போர் செவிக்கு ஐயமில்லாத இடத்தில் படிப்போர் கண்ணுக்கு ஐயம் பிறக்கிறது. இதனாலேயே தேர்ந்த எழுத்தாளர் பலர் ‘போறேன்’, ‘படிச்சேன்’, ‘வந்தாங்க’ என மாற்றி எழுதினாலும், ஆண்பால் னகரத்தை விட்டுவைக்கின்றனர். படிப்பவர் தம் பேச்சறிவால் அதனை உரியவாறு ஒலித்துக்கொள்கிறார். சில அடையாளங்களே போதும். எஞ்சியதைப் படிப்பவர் நிறைவு செய்வார்.

இக்கட்டுரையாளர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒலிநாடாவில் பதிவு செய்த வீட்டுப் பேச்சை எழுத்தில் பெயர்த்தபோது, ஒரு பக்கத்தைக்கூடக் கதையாகப் படிக்க இயலவில்லை. பாதியில் நிற்கும் தொடர்கள், மீண்டும் மீண்டும் வரும் ‘அது வந்து’, ஒருவர் முடிக்குமுன் மற்றவர் தொடங்குதல் ஆகியவையே அதில் மிகுந்திருந்தன. நாவலின் உரையாடல் பேச்சின் பதிவன்று. பேச்சிலிருந்து தேர்ந்தெடுத்து அமைத்த ஒன்று. அதனைக் கிளைமொழித் தரவாக அப்படியே கொள்ளும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

5. பொதுவாகக் காணும் பிழைகள்

முதலாவது, சொல்லை மட்டும் மாற்றித் தொடரை மாற்றாமை. ‘நான் போனப்ப அவரு இல்லாத காரணத்தினால திரும்பிட்டேன்’ என்பதில் ஒலி பேச்சுக்குரியது, தொடர் எழுத்துக்குரியது. ‘போனேன். ஆள் இல்ல. திரும்பிட்டேன்’ என்பதே பேச்சின் நடை. இதில் ‘போனேன்’ இரு வழக்குக்கும் பொது என்பது நோக்கத்தக்கது. பேச்சுத்தன்மை எழுத்துத் திரிபினும் தொடரமைப்பில் மிகுதியாக உள்ளது.

இரண்டாவது, இருவரும் அறிந்த செய்தியைப் படிப்பவருக்காகப் பேசவைத்தல். ‘நம்ம அப்பா செத்து பத்து வருசம் ஆச்சு, உனக்கே தெரியும்’ என்று தம்பியிடம் சொல்லும் அண்ணன், தம்பியுடன் பேசவில்லை, படிப்பவருடன் பேசுகிறான்.

மூன்றாவது, உணர்ச்சியைத் துணைச்சொல்லால் விளக்குதல். தமிழில் வினைமுற்றே உறவைக் காட்டும். ‘நீங்க போங்க’ என்று சொல்லிவந்த மனைவி ஒருநாள் ‘நீ போ’ என்றால், ‘என்று சினந்து கூறினாள்’ எனச் சேர்ப்பது வேண்டாத சுமை.

நான்காவது பிழை மிகக் கடுமையானது. படித்தவர் பேச்சை எழுத்து வழக்கிலும், வேலையாள் பேச்சை மட்டும் கொச்சையாகவும் எழுதுதல். உண்மையில் இருவரும் பேச்சு வழக்கிலேயே பேசுகின்றனர். ஒருவரின் ஒலித்திரிபை மறைத்து மற்றவரின் திரிபை மட்டும் காட்டும்போது, மொழி வேறுபாடு அறிவு வேறுபாடாகத் தோற்றம் கொள்கிறது. இது மொழியியல் பிழை, அறப்பிழையும் ஆகும்.

6. மொழிபெயர்ப்பாளர்க்கு

‘கருக்கு’ லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்ப்பில் 2000இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. இத்தகைய நூல்களைப் பெயர்ப்போர்முன் இரு வழிகள் தோன்றும். ஆங்கிலத்தின் வட்டார வழக்கொன்றைக் கையாண்டால் கதை அந்நாட்டுக்குப் பெயர்ந்துவிடும். அனைத்தையும் பொது ஆங்கிலமாக்கினால் மாந்தரிடையே உள்ள ஏற்றத்தாழ்வு மறையும். தொடரின் நீளம், அண்ணாச்சி, மக்கா போன்ற விளிச்சொற்கள், வசை, மௌனம் ஆகியவற்றால் அவ்வேறுபாட்டைக் காப்பது நடுவழியாகும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்போரின் கடமை வேறு. ஆங்கில முன்னிலைப் பெயர் ஒன்றே. தமிழில் நீ, நீர், நீங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். முதற்பக்கத்தில் எடுக்கும் அம்முடிவு, நூல் முழுதும் அவ்விருவரின் உறவை அளக்கும்.

7. முடிவுரை

வேதநாயகம் பிள்ளை முதல் பாமா வரையிலான வரலாறு, எழுத்து வழக்கு சிறிது சிறிதாக இடம்விட்ட வரலாறாகும். அவ்விடத்தில் நுழைந்தது ஒலி மட்டுமன்று. அதுவரை அச்சேறாத மக்கள் தம் குரலோடு நுழைந்தனர். உரையாடலைத் திருத்தும் பதிப்பாளரும், பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளரும், தரவாகக் கொள்ளும் மொழியியலாரும் ஒரு சொல்லை மாற்றுமுன் அக்குரல் யாருடையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.