பட்டம் ஊரில், வகுப்பறை லண்டனில்: சம்பளத்துடன் ஆசிரியராகும் வழி

தோர்ண்டன் ஹீத்திலும் அயலிலும் பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் வேலை செய்யும் எம்மவரில் பட்டதாரிகள் பலர். வணிகமாணி படித்துக் கணக்காளராக இருந்த நானும் அந்த வரிசையில் வந்தவன்தான். இன்னொரு பக்கத்தில், இங்கிலாந்துப் பாடசாலைகளில் கணித, பௌதிக ஆசிரியர்களுக்குப் பல வருடங்களாகத் தட்டுப்பாடு. குடும்பச் சுமையோடு இருப்பவர் வேலையை விட்டு ஒரு வருடம் படிக்க முடியுமா என்பதுதான் பலரையும் தடுக்கும் கேள்வி. சம்பளத்துடன் பழகும் வழியும் இங்கே உண்டு.

பாடசாலையிலேயே, ஒரு மூத்த ஆசிரியரின் பக்கத்தில் இருந்து தொழில் பழகும் முறை இது. ஊரில் தேசிய கல்வியியற் கல்லூரி மாணவர் மூன்றாம் ஆண்டில் பாடசாலைக்குச் சென்று கட்டுறுப் பயிற்சி பெறுவதை ஒத்தது. இங்கே 2002இல் தொடங்கப்பட்ட 'ரீச் ஃபேர்ஸ்ட்' பின்தங்கிய பகுதிப் பாடசாலைகளுக்குப் பட்டதாரிகளைச் சம்பளத்துடன் அனுப்புகிறது. 2018 முதல் பட்டப்பின் ஆசிரியத் தொழிற்பயிலுநர் திட்டமும் நடைமுறையில் உள்ளது. அதில் கல்விக் கட்டணம் இல்லை. பயிலுநருக்குப் பாடசாலை சம்பளம் கொடுக்கும். குரொய்டனில் பல பாடசாலைகளை நடத்தும் ஹரிஸ் கூட்டமைப்பும் ஆசிரியர் பயிற்சி வழங்குகிறது.

முதலில் கையில் இருக்க வேண்டியவை மூன்று. ஒன்று, உங்கள் பட்டம் பிரித்தானியப் பட்டத்துக்கு நிகரானது என்று 'யூ.கே. எனிக்' தரும் சான்று. இரண்டு, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜி.சி.எஸ்.ஈ. 4ஆம் தரம் அல்லது அதற்குச் சமமான தகைமை. ஆரம்பப் பாடசாலைக்கு விஞ்ஞானமும் வேண்டும். அது இல்லாதவர்களைச் சமநிலைப் பரீட்சை எழுதப் பல பயிற்சி நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. மூன்று, பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான டி.பி.எஸ். சோதனை; இதைப் பயிற்சி நிறுவனமே ஏற்பாடு செய்யும். வணிகம் படித்தவர் வணிகக் கல்விக்கு விண்ணப்பிக்கலாம். கணிதத்துக்குப் போக விரும்பினால் பாட அறிவை வலுப்படுத்தும் முன்பயிற்சியும் உண்டு.

இனிக் கணக்கு. சம்பளத்துடனான இடங்கள் குறைவு, போட்டி அதிகம். கிடைக்காவிட்டால் கட்டணம் செலுத்திப் படிக்கும் பி.ஜி.சி.ஈ.; அதற்கு 9,000 பவுண்ட்ஸுக்கு மேல் செல்லும். ஏற்கெனவே பட்டம் பெற்றிருந்தாலும் ஆசிரியர் பயிற்சிக்கு மாணவர் கடன் கிடைக்கும். அகதி அந்தஸ்துப் பெற்றவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். கணிதம், பௌதிகம் போன்ற பாடங்களுக்கு அரச உதவித்தொகை உண்டு, தொகை ஆண்டுக்காண்டு மாறும்.

பலர் கவனிக்காத ஒன்று: ஆசிரியர் சம்பள அட்டவணையில் குரொய்டன் வெளி லண்டன். ஆனால் பக்கத்தில் உள்ள மேர்ட்டனும் லாம்பெத்தும் உள் லண்டன் பிரிவில் வருகின்றன. எனவே மிச்சத்திலோ ஸ்ட்ரெதமிலோ உள்ள பாடசாலையில் அதே வேலைக்குக் கூடுதல் சம்பளம் கிடைக்கலாம். அக்கடமிகள் தமக்கென வேறு அளவு வைத்திருக்கக்கூடும், நேர்முகத்திலேயே கேளுங்கள்.

பயிற்சிக் காலத்தில் குறைந்தது இரண்டு பாடசாலைகளில் அனுபவம் பெற வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் உங்கள் பாடத்தைப் பின்வரிசையில் இருந்து பார்த்து, பிறகு எதை மாற்ற வேண்டும் என்று சொல்வார். அவர் உங்கள் மகளின் வயதினராகவும் இருக்கலாம். ஊரில் ஆசிரியர் உள்ளே வந்தாலே வகுப்பு எழுந்து நிற்கும். இங்கே முப்பது பிள்ளைகளை அமைதியாக இருத்துவதே தனிக் கலை. அதைப் புத்தகத்தில் படித்துவிட முடியாது, பக்கத்தில் இருந்துதான் பழக வேண்டும். ஆகவே பாடசாலையைத் தெரிவு செய்யும்போது, வழிகாட்டிக்கு உங்களுக்கென வாரத்தில் எவ்வளவு நேரம் ஒதுக்கப்படும் என்று கேட்டறிவது சம்பளத்தைக் கேட்பதைப் போலவே முக்கியம்.

கியூ.ரி.எஸ். தகைமை கிடைத்த பின்னரும் தனியே விட்டுவிட மாட்டார்கள். 2021 செப்ரெம்பர் முதல் புதிய ஆசிரியருக்கு இரண்டு வருட ஆதரவுக் காலம் உண்டு. முதல் வருடம் 10 வீதமும் இரண்டாம் வருடம் 5 வீதமும் பாடவேளை குறைக்கப்படும், வழிகாட்டியும் தொடர்வார்.

வயது தடையல்ல. 'ஃபினான்சியல் ரைம்ஸ்' பத்திரிகையாளர் லூசி கெல்லவே ஐம்பதுகளின் பிற்பகுதியில் ஹக்னியில் கணித ஆசிரியராகப் பயிற்சி பெற்றார். தொழில் மாறுவோருக்காக 2016இல் 'நவ் ரீச்' அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் கற்பித்திருந்தால் விண்ணப்பத்தில் அதைக் கட்டாயம் எழுதுங்கள். அரசின் 'கெற் இன்ரு ரீச்சிங்' சேவை இலவச ஆலோசகரைத் தருகிறது. பெட்டிக்குள் இருக்கும் பட்டச் சான்றிதழை முதலில் எடுத்து எனிக்குக்கு அனுப்புங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகுதான்.