கொழிஞ்சி

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததும், தரிசு நிலங்களிலும் வழியோரங்களிலும் தானாக முளைத்து வளர்வதுமான இச்சிறு செடி, சிறகுபோல் அமைந்த கூட்டிலைகளால் அவுரியை வெகுவாக ஒத்திருப்பதால், பூவில்லாத காலத்தில் பழகாதவர் இரண்டையும் ஒன்றென மயங்குதல் சகஜம். ஆயினும், சிற்றிலையொன்றை நுனியில் பற்றி மெதுவாக இழுத்தால், கொழிஞ்சியின் இலை பக்க நரம்புகளின் போக்கிலேயே பிளந்து அம்புத்தலை வடிவில் அறுபடும். சிறுவரும் செய்து பார்க்கத்தக்க இச்சோதனையே மற்ற லட்சணங்களினும் நம்பத்தக்கது. அவுரியிலை அவ்வாறு பிளவாது. உலர்ந்தால் கருநிறம் கொள்ளும். காய் எஞ்சிய சந்தேகத்தையும் தீர்க்கும்: கொழிஞ்சியின் நெற்று தட்டையாய், 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளமுடையதாய், நுனி சற்றே மேல்நோக்கி வளைந்து, விதைகளின் மேடு புறத்தே தெரிய நிற்கும், அவுரிக்காயோ மெல்லிய உருளை வடிவினது. நெல்வயலுக்குச் சிறந்த பசுந்தாளுரமாகிய இச்செடியைக் களையென்று பிடுங்கி எறியாமல் உழவர் போற்றி வளர்த்தல் வேண்டும்.