அளவுக் கரண்டியும் அட்டவணையும்

1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டைக்குப் போனவர்கள், பகலில் சுட்டுத் தீர்த்த பித்தளை உறைகளை வீசிவிடவில்லை. கடை வெகு தொலைவு. தோட்டாவில் விலை அதிகமான பாகமும் உறைதான். அதைத் துடைத்து, அடியில் தீப்பொறி தரும் புது பிரைமர் பொருத்தி, ஒரு கரண்டி கருமருந்து கொட்டி, தாங்களே வார்த்த ஈயக்குண்டைச் செருகிக்கொண்டார்கள்.

எந்த மருந்து என்ற கேள்வியே அப்போது பெரிதாக எழவில்லை. வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்பதுதான் ஏறக்குறைய எல்லா ஊர்க் கலவையும். கை சற்றுத் தாராளமானாலும் பெரும்பாலும் தோள்வலியோடு போய்விடும்.

1884இல் அந்த நிம்மதி போயிற்று. பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கினார்; இரண்டே ஆண்டில் பிரெஞ்சுப் படை அதற்கென்றே லெபெல் துப்பாக்கியை எடுத்தது. 1889இல் பிரிட்டனில் வந்த கார்டைட் என்ற இதே வகை மருந்து பிற்பாடு நம் நீலகிரியின் அருவங்காட்டிலும் தயாரானது. புது மருந்து கருமருந்தைவிடப் பன்மடங்கு வலுவானது. பழைய கரண்டியால் அதை அளந்து போட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறக்கூடும்.

கம்பெனிகள் முதலில் ஒரு சமரசம் செய்தன: பழைய கரண்டிக்கே பொருந்தும் ‘பல்க்’ மருந்துகளை விற்றன. ஷாட்கன் தோட்டாப் பெட்டிகளில் இன்றும் ‘டிராம்’ கணக்கு அச்சாவது அந்தக் கருமருந்துக் காலத்தின் மிச்சம். ஆனால் அடர்த்தியான மருந்துகளுக்கு இந்தச் சமரசம் உதவவில்லை. அவற்றைத் தராசில் கிரெயின் கணக்கில் நிறுக்க வேண்டும். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்.

எவ்வளவு நிறுப்பது? இங்கேதான் புத்தகம் வருகிறது. கனெக்டிகட் மாநிலம் நியூஹேவனில் ஜான் பார்லோவின் ஐடியல் கம்பெனி, பாக்குவெட்டி போன்ற மறுநிரப்புக் கருவிகளைச் செய்து விற்றது. அவற்றோடு, எவ்வளவு மருந்து போடுவது என்ற அட்டவணைகளுடன் அது வெளியிட்ட ‘ஐடியல் ஹேண்ட்புக்’ விலைப்பட்டியலாகவும் பாடநூலாகவும் இருந்தது. 1925இல் ஐடியலை வாங்கிய லைமன் கம்பெனி இன்றும் கையேடு வெளியிடுகிறது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் மருந்து மலிந்தது. கன்சாஸ்காரர் புரூஸ் ஹாட்ஜ்டன் ஆயுள் காப்பீட்டின் மேல் கடன் வாங்கி, ராணுவம் கழித்த, 4895 என்ற எண் கொண்ட மருந்தை வாங்கினார். பழைய ரயில் பெட்டி ஒன்றை மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி அதில் சேமித்தார். பிறகு பீரங்கிக் குண்டுகளுக்கான 4831ஐயும் விற்றார். அது மிக மெதுவாக எரிவது. பெரிய உறை கொண்ட ரைபிளுக்கு ஏற்றது. குட்டைக் குழல் கைத்துப்பாக்கிக்கு விரைந்து எரியும் மருந்து வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று வலுவிழக்கும், மற்றொன்று உயிருக்கே ஆபத்து.

ஆகவே தோட்டா நிரப்பப் புதிதாகத் தொடங்குபவர் கையேட்டை முதலில் வாங்கி, அதிலுள்ள மருந்தையே தேடுவதுதான் சரி. டப்பாவில் உள்ள எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எச் 4895, ஐஎம்ஆர் 4895 இரண்டையும் இன்று ஹாட்ஜ்டன் கம்பெனியே விற்கிறது. ஆனால் அவை வெவ்வேறு மருந்துகள், இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை.